இன்ட்ராநெட் மாற்றமும் அண்ணாச்சி வாங்கிய மெமோவும்

கல்லூரி பிராஜக்டுக்காகக் கடந்த வருடம் இரண்டு மாதம் தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் அண்ட் ஃபார்வர்டிங் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். சம்பளம் கிடையாது. மதியச் சாப்பாடு உண்டு, நாலு மணிக்கு டீ உண்டு, யாருக்காவது பிறந்தநாள் என்றால் மக்ரூனும் உண்டு. ஏற்றுமதி இறக்குமதி நடைமுறைகளைக் கற்றுக்கொள்ளத்தான் போனேன். கொஞ்சம் கற்றுக்கொண்டேன். ஆனால் அங்கே நன்றாகப் புரிந்தது வேறு ஒன்று: ஒரு கம்பெனி தன் சொந்த ஆட்களை ஒரே காலையில் எப்படி நடுத்தெருவில் நிறுத்த முடியும் என்பது.

விஷயம் இன்ட்ராநெட். பெரிதாக ஒன்றும் இல்லை, கம்பெனிக்குள் இருப்பவர்கள் மட்டும் பார்க்கிற ஒரு வலைத்தளம். லீவு ஃபார்ம், போன் நம்பர் லிஸ்ட், எந்த லைனுக்கு என்ன ரேட், எந்த டெர்மினலுக்கு எந்தப் பேப்பர், எந்த யார்டில் யாரைப் பார்க்க வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். அங்கே இருந்த பழைய தளம் பார்க்கச் சகிக்காது. யாரோ ஒருவர் பல வருடங்களுக்கு முன் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது. மேலே ஒரு கப்பல் படம், கீழே இருபது முப்பது நீல நிற இணைப்புகள். ஆனால் எது எங்கே இருக்கிறது என்று அத்தனை பேருக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும்.

புதுத் தளம் வந்தது. அதற்குப் பெயர் வைக்க ஒரு போட்டி நடத்தினார்கள். ஜெயித்தவருக்கு ஹெட்போன் பரிசு. வெள்ளிக்கிழமை மாலை கேக் வெட்டி போட்டோ எடுத்துக்கொண்டார்கள். திங்கள் காலை ஒன்பது மணிக்கு வந்து பார்த்தால் பழைய தளம் பூட்டியாகிவிட்டது. புதியதற்குள் நுழைய கம்பெனி மின்னஞ்சலுக்கு ஓடிபி வரும் என்றார்கள். யார்டில் நிற்கிற சூப்பர்வைசர்கள் நாலு பேருக்குக் கம்பெனி மின்னஞ்சலே கிடையாது. உள்ளே போன எங்களுக்கும் டெர்மினல் செக்லிஸ்ட் கிடைக்கவில்லை. தேடு பெட்டியில் தட்டினால் போன வருடப் பொங்கல் வாழ்த்து வருகிறது. அன்றைக்குக் கப்பல் கட்-ஆஃப். இரண்டு எக்ஸ்போர்ட் கன்டெய்னர்கள் நேரத்துக்கு உள்ளே போகவில்லை. ஒன்றில் இருந்தது உறைய வைத்த இறால். அடுத்த கப்பல் வரும்வரை குளிரூட்டும் பெட்டிக்கு மின்சாரம் கொடுத்துக் காத்திருக்க வேண்டும், அதற்கு நாள் கணக்கில் காசு.

அடுத்த வாரம் ஒருவருக்கு மெமோ வந்தது. நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்று கூப்பிடும் டாக்குமென்டேஷன் ஆள். இருபது வருடத்துக்கு மேல் அதே வேலையில் இருப்பவர். 'புதிய முறைக்கு ஒத்துழைக்கவில்லை' என்று எழுதியிருந்தது. அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "தம்பி, எனக்கு ஒத்துழைக்கத் தெரியாதுன்னு இப்பத்தான் தெரியுது" என்றார், அவ்வளவுதான். அந்தத் திங்கள்கிழமையைத் தேர்ந்தெடுத்தவருக்கு மெமோ வரவில்லை.

இந்தக் கட்டுரை அந்த மெமோவுக்கு எதிரானது.

மேனேஜ்மென்ட் புத்தகங்களில் ஒரு அத்தியாயம் தவறாமல் வரும். ஊழியர்கள் மாற்றத்தை எதிர்ப்பார்கள், அந்த எதிர்ப்பை எப்படிச் சமாளிப்பது என்று. எங்களுக்கும் பாடம் நடத்தினார்கள், நானும் மனப்பாடம் செய்து பத்து மார்க் வாங்கினேன். இப்போது அதை நம்பவில்லை. முக்கால்வாசி இடங்களில் நடப்பது இதுதான்: மாற்றத் தெரியாதவர்கள், மாறத் தெரியாதவர்கள் என்று மற்றவர்களைக் கைகாட்டுகிறார்கள்.

அண்ணாச்சிக்கு மாறத் தெரியாதா? தூத்துக்குடியில் அவர் வேலையில் இருப்பவர்கள் இந்தக் காலத்துக்குள் எதையெல்லாம் பழகியிருக்கிறார்கள் என்று பாருங்கள். இந்தியத் துறைமுகங்கள் சங்கம் 2007ல் போர்ட் கம்யூனிட்டி சிஸ்டம் கொண்டுவந்தது. கப்பல் ஏஜென்டும் துறைமுகமும் சுங்கமும் ஒரே இடத்தில் செய்தி பரிமாற ஒரு ஏற்பாடு. 2018 டிசம்பரில் அது போய் பிசிஎஸ் 1எக்ஸ் வந்தது. 2023 ஜனவரியில் என்எல்பி மரைன் வந்தது. நடுவில் 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி. 2018 ஏப்ரலில் ஈ-வே பில். 2020ல் சுங்கத்தில் முகமற்ற மதிப்பீடு, அதாவது இங்கே இறங்குகிற சரக்கின் ஆவணத்தை வேறு ஏதோ ஊரில் இருக்கிற அதிகாரி பார்ப்பார். ஒவ்வொன்றுக்கும் புதுத் திரை, புதுக் கடவுச்சொல், புது விதி. இத்தனையையும் பழகிக்கொண்டு சரக்கை நகர்த்திய மனிதரைப் பார்த்து, லீவு ஃபார்ம் இருக்கிற ஒரு தளத்துக்கு மாற மறுக்கிறார் என்று சொன்னால் அதைவிடப் பெரிய காமெடி உண்டா?

அதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். முகமற்ற மதிப்பீட்டை நாடு முழுவதும் ஒரே நாளில் திறக்கவில்லை. 2020 ஜூன் 8 அன்று பெங்களூருவிலும் சென்னையிலும் மட்டும், அதுவும் இயந்திரங்கள், மின்சாதனங்கள் அடங்கிய இரண்டு அத்தியாயச் சரக்குகளுக்கு மட்டும் தொடங்கினார்கள். பிறகு படிப்படியாக விரித்து அக்டோபர் 31ல்தான் முழு நாட்டுக்கும் கொண்டுவந்தார்கள். அதில் குறைகளே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு அரசாங்கத் துறைக்கு இருந்த பொறுமை நூறு பேர் கூட இல்லாத ஒரு அலுவலகத்துக்கு இல்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

எல்லாவற்றையும் ஒரே இரவில் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய உதாரணம் இங்கிலாந்தில் இருக்கிறது. டிஎஸ்பி என்ற வங்கி 2018 ஏப்ரலில் ஒரு வார இறுதியில் தன் வாடிக்கையாளர்கள் ஐம்பது லட்சத்துக்கும் அதிகமானோரின் கணக்குகளைப் புதிய கணினி அமைப்புக்கு மாற்றியது. பத்தொன்பது லட்சம் பேர் தங்கள் கணக்கையே பார்க்க முடியாமல் தவித்தார்கள். எல்லாவற்றையும் மொத்தமாக மாற்றத் துணிந்ததும், போதுமான அளவு சோதித்துப் பார்க்காததும்தான் கோளாறு என்று பிறகு நடந்த விசாரணை சொன்னது. 2022 டிசம்பரில் கட்டுப்பாட்டு அமைப்புகள் 4.86 கோடி பவுண்டு அபராதம் விதித்தன.

நம் ஊரிலும் நடந்ததே. 2021 ஜூன் 7 அன்று வருமான வரித்துறையின் புதிய தளம் திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆறு நாட்கள் பழைய தளத்தை மூடி வைத்தார்கள். திறந்த அன்றே கோளாறு. ஆகஸ்டில் அதை உருவாக்கிய நிறுவனத்தின் தலைமை அதிகாரியை நிதி அமைச்சகம் அழைத்து விளக்கம் கேட்டது. தனிநபர் கணக்குத் தாக்கல் செய்யும் கடைசி நாளை டிசம்பர் 31 வரை தள்ளினார்கள். ஆனால் ஒரு நல்ல காரியமும் செய்தார்கள். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பத் தேவையான 15சிஏ, 15சிபி படிவங்களை வங்கியில் காகிதத்திலேயே கொடுக்கலாம் என்று ஜூன் 14 அன்றே அறிவித்தார்கள். வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் பணம் அனுப்ப வேண்டிய ஷிப்பிங் அலுவலகங்களுக்கு அது பெரிய நிம்மதி. கணினி படுத்தால் காகிதம். இந்த எளிய விஷயம் அந்தத் திங்கள்கிழமை எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

சரி, வெளியூர்க் கதை எதற்கு? தூத்துக்குடிக்காரனுக்குப் பழையதிலிருந்து புதியதற்கு எப்படிப் போவது என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. நம் துறைமுகமே அப்படி வந்ததுதான். பழைய துறைமுகத்தில் ஆழம் போதாது. பெரிய கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், தோணியில் சரக்கை ஏற்றி இறக்க வேண்டும். அதனால் கடலுக்குள் தடுப்புச் சுவர் கட்டிப் புதிய துறைமுகம் எழுப்பினார்கள். 1974 ஜூலை 11 அன்று அது நாட்டின் பத்தாவது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. அன்றைக்கே பழையதை மூடிவிட்டார்களா? இல்லை. 1979 ஏப்ரல் 1 அன்றுதான் இரண்டும் ஒரே துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கீழ் இணைக்கப்பட்டன. ஏறத்தாழ ஐந்து வருடம் இரண்டும் தனித்தனியாக அருகருகே இருந்தன. அதன் பிறகும் பழைய துறைமுகம் சாகவில்லை. மாலத்தீவுக்குப் போகிற தோணிகளுக்கு அதுதான் இடம். எந்தக் கலத்துக்கு எது பொருந்துமோ அது அங்கே போகிறது.

முத்துச் சலாபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக இங்கே சலாபம் நடந்தது 1961ல். அதை நடத்தியவர்கள் தேதியை எப்படி வைத்தார்கள் தெரியுமா? பிரிட்டிஷ் காலத்தில் முதலில் ஆட்களை அனுப்பிப் பார்களைச் சோதிப்பார்கள். மாதிரிக்குச் சிப்பிகளை எடுத்து, அழுக வைத்துக் கழுவி, கிடைத்த முத்தை வியாபாரிகளைக் கொண்டு மதிப்புப் போடுவார்கள். சிப்பி முதிரவில்லை, முத்து தேறவில்லை என்றால் சலாபம் கிடையாது. வருடக் கணக்கில் கூடக் காத்திருப்பார்கள். ஏன் இத்தனை பாடு? குளிப்பவருக்குக் கூலி கிடையாது, எடுத்த சிப்பியில் ஒரு பங்குதான். வெற்றுச் சிப்பிக்காக மூச்சடக்கி முங்கினால் அவர் வீட்டில் உலை கொதிக்காது. அரசாங்கம் ஒன்றும் தர்மத்துக்காக இதைச் செய்யவில்லை, அதற்கு வருமானம் வேண்டும். ஆனாலும் மாதிரி பார்க்காமல் யாரையும் கடலுக்குள் இறக்கக் கூடாது என்ற அறிவு அதற்கு இருந்தது.

அந்த அறிவை இன்ட்ராநெட்டுக்குக் கொண்டுவந்தால் எப்படி இருக்கும்? திட்டினால் மட்டும் போதுமா, வழி சொல் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். இவை எதற்கும் கன்சல்டன்ட் தேவையில்லை.

முதலில், தேதி. அதை முடிவு செய்ய வேண்டியது வேலை செய்கிற இடம். கட்-ஆஃப் நாள் வேண்டாம். ஜிஎஸ்டி கணக்குப் போடுகிற 11ம் தேதியும் 20ம் தேதியும் வேண்டாம். மார்ச் கடைசி வேண்டவே வேண்டாம். டாக்குமென்டேஷன், அக்கவுன்ட்ஸ், யார்டு மூன்றிலிருந்தும் ஆளுக்கு ஒருவரை உட்கார வைத்துக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் நல்ல நாள் கிடைத்துவிடும். தளத்துக்குப் பெயர் வைக்கப் போட்டி நடத்தியவர்களுக்கு இதைக் கேட்க நேரம் இல்லாமல் போனது.

இரண்டாவது, எதை எடுத்துக்கொண்டு போவது. வீடு மாற்றும்போது பரணில் இருக்கிற எல்லாவற்றையும் யாரும் தூக்கிக்கொண்டு போவதில்லை. பழைய தளத்தில் எந்தப் பக்கத்தை எத்தனை பேர் திறக்கிறார்கள் என்று சர்வர் பதிவிலேயே இருக்கும். தினமும் திறக்கிற பக்கங்கள் பெரும்பாலும் ஒரு கை அளவுக்குத்தான் தேறும். அவை ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாக ஒரு ஆளின் பெயரைப் போட வேண்டும். பொறுப்பாள் இல்லாத பக்கத்தைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. தவறான பழைய ரேட் ஷீட்டைப் புதுத் தளத்தில் அழகாக வைப்பதைவிட ஆபத்து இல்லை.

மூன்றாவது, தமிழ்க் கோப்புகள். இதை வெளியூர் மென்பொருள்காரர் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. யார்டு பாதுகாப்பு விதிகள், டிரைவர்களுக்கான அறிவிப்புகள் எல்லாம் பழைய எழுத்துருக்களில் அடிக்கப்பட்டவை. பாமினியில் 'அம்மா' என்று நம் கண்ணுக்குத் தெரிவது கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகள்தான். புதுத் தளத்தில் யூனிகோடில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? தமிழக அரசு 1999ல் டாம், டாப் குறியாக்கங்களை ஏற்றது. 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டுச் சமயத்தில், யூனிகோடுக்கும் டேஸ்16க்கும் மாறியது. அதன் பிறகும் எத்தனையோ அலுவலகங்களில் பழைய எழுத்துருவே ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் செக்லிஸ்ட் கிடைக்காமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். மாற்றித் தரும் செயலிகள் இலவசமாகவே இருக்கின்றன. இரண்டு நாள் வேலை. அதை மாற்றத்துக்கு முன்பே செய்ய வேண்டும்.

நான்காவது, மாதிரி பார்ப்பது. ஐந்து பேரை அழையுங்கள். கணினியில் கில்லாடிகளை அல்ல, தினமும் பயன்படுத்துகிறவர்களை. உண்மையான பத்து வேலைகளைக் கொடுங்கள். "இந்த டெர்மினல் கேட் பேப்பரை எடு", "நாளைக்கு லீவு போடு", "நைட் ஷிப்ட் சர்வேயர் நம்பரைக் கண்டுபிடி". பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்காதீர்கள், கடிகாரத்தை மட்டும் பாருங்கள். பழையதில் அரை நிமிடம் ஆன வேலை புதியதில் ஐந்து நிமிடம் ஆனால் சிப்பி இன்னும் முதிரவில்லை என்று அர்த்தம். தேதியைத் தள்ளுங்கள்.

ஐந்தாவது, உள்ளே நுழைய வழி. கம்பெனி மின்னஞ்சல் இல்லாதவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் போட ஒரு மணி நேரம் ஆகுமா? அதைச் செய்யாமல் ஓடிபி வைப்பது, வீட்டுக்காரரிடம் சாவி கொடுக்காமல் புதுப் பூட்டு போடுவது மாதிரி.

ஆறாவது, பழையதைப் பூட்டாதீர்கள், உறைய வையுங்கள். பார்க்கலாம், மாற்ற முடியாது என்று மூன்று மாதம் விடுங்கள். பழைய முகவரியைத் தட்டினால் புதிய பக்கத்துக்குப் போகும்படி வழி வையுங்கள். மிக அவசியமான பத்துத் தாள்களை அச்சடித்து ஒவ்வொரு மேஜையிலும் வைத்துவிடுங்கள். நூறு ரூபாய் கூட ஆகாது.

கடைசியாக, பின்வாங்கும் உரிமை. முதல் நாள் காலை பத்து மணிக்கு வேலை நின்றால், பழையதைத் திறந்துவிடு என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு? அவர் பெயரும் போன் நம்பரும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் அன்றைக்கு ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டினார்கள். பழைய தளம் மறுபடி திறந்தபோது மதியம் மூன்று மணி. கட்-ஆஃப் முடிந்துவிட்டது.

இதற்கு இரண்டு பதில்கள் வரும் என்று தெரியும். ஒன்று: "பழையதைத் திறந்து வைத்தால் ஒருத்தனும் புதியதற்கு வரமாட்டான்." இதை நான் இப்படித்தான் பார்க்கிறேன். புதிய ரேட் ஷீட் புதுத் தளத்தில் மட்டும்தான் வரும் என்றால் தேவை இருப்பவர் வந்துதான் ஆக வேண்டும். அப்படியும் வரவில்லை என்றால், புதுத் தளத்தில் அவருக்கு வேண்டியது இல்லை என்று அர்த்தம். அது உங்களுக்குத் தெரிய வேண்டிய விஷயம்தானே? கதவைப் பூட்டிவிட்டால் அது கடைசிவரை தெரியாது. எல்லோரும் வருவார்கள், வந்து மனதுக்குள் திட்டிக்கொண்டே தங்கள் சொந்த நோட்டிலும் வாட்ஸ்அப் குழுவிலும் வேலை பார்ப்பார்கள். மேலே இருப்பவர் நூறு சதவீதம் மாறிவிட்டோம் என்று அறிக்கை அனுப்புவார்.

இரண்டாவது பதில் கொஞ்சம் நியாயமானது. பழைய சர்வரைப் பராமரிக்கச் செலவு, பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லை, நீண்ட நாள் வைத்திருந்தால் வைரஸ் புகும் என்பது. உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் மூன்று மாதம் என்கிறேன், முப்பது வருடம் என்று சொல்லவில்லை. வெளி இணையத்திலிருந்து துண்டித்துவிட்டு அலுவலகத்துக்குள் மட்டும் ஓடவிடலாம். மூடும் தேதியை முன்கூட்டியே ஒட்டிவிடலாம். செலவாகுமே என்று இன்னும் யோசிப்பவர்கள், ஒரு இறால் கன்டெய்னர் அடுத்த கப்பலுக்குக் காத்திருக்க எவ்வளவு ஆகிறது என்று தங்கள் அக்கவுன்ட்ஸ் ஆளிடம் கேட்டுப் பார்க்கட்டும்.

ஆனால் காசு மட்டும் பிரச்சினை என்றால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். அந்தத் திங்கள்கிழமை அலுவலகம் முழுக்கத் திணறியபோது கொஞ்சமாவது வேலை நடந்தது என்றால் அது அண்ணாச்சியால்தான். எந்த டெர்மினலுக்கு என்ன பேப்பர் என்று ஒரு நீள நோட்டில் கையால் எழுதி வைத்திருந்தார். அதைப் பார்த்துப் பார்த்து மற்ற ஆறு கன்டெய்னர்களை நேரத்துக்குள் உள்ளே அனுப்பினார். அந்த நோட்டைப் பயன்படுத்தியதுதான் 'பழைய முறையையே தொடர்ந்தார்' என்று மெமோவில் ஏறியது. போகாத இரண்டுக்கு அவர் பொறுப்பு, போன ஆறு கணக்கிலேயே இல்லை.

புதிய தளம் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. பழையது நிஜமாகவே மோசம். தேட முடியாது, போனில் பார்க்க முடியாது, அதை எழுதியவரும் ஊரில் இல்லை. அண்ணாச்சிக்கே புதியது பிடித்திருக்கும், இரண்டு வாரம் முன்னால் அவரை உட்கார வைத்து "இதில் உங்க செக்லிஸ்ட் எங்க இருந்தா வசதி அண்ணாச்சி?" என்று ஒருவர் கேட்டிருந்தால். அவரே அந்த நோட்டை முழுக்கத் தட்டச்சு செய்து கொடுத்திருப்பார். கம்பெனியிலேயே விலை உயர்ந்த தகவல் அதில்தான் இருந்தது. அதை ஒரு சர்வரிலும் சேர்க்கவில்லை. நான் கிளம்பி வந்த நாள் வரை அது அவர் மேஜை டிராயரில்தான் கிடந்தது, மெமோவும் அதற்குள்ளேயே மடித்து வைத்தபடி.

நாளைக்கு நானும் ஏதாவது கம்பெனியில் வேலைக்குச் சேருவேன். இந்த மாதிரி மாற்றத்தைத் திட்டமிடும் மேஜையில் உட்கார வேண்டி வரலாம். அப்போது நான் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது என்று எனக்கு நானே எழுதி வைத்துக்கொள்கிறேன்: இது தவறாகப் போனால் மெமோ யாருக்கு? தேதி வைக்கிற ஆளுக்கு என்று எழுத்தில் கொடுத்துவிட்டால் போதும். மேலே சொன்ன ஏழையும் அவரே தேடி வந்து செய்வார்.